"அவங்க ஜனத்துக்கே புள்ள சிறுசாத்தான் பிறக்கும்": எல்லையோரச் செங்கல் சூளையில் ஒரு கர்ப்பம் – நிகழ்வு ஆய்வு

இதை எழுதக் காரணம்

கடலூருக்கும் புதுச்சேரிப் பகுதியான பாகூருக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோது நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எடை, வாரக் கணக்கு, நடந்தவற்றின் வரிசை ஆகியவற்றில் கை வைக்கவில்லை. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிய எங்கள் கூட்டங்களில் பேச்செல்லாம் இரும்புச்சத்து மாத்திரையையும் சத்துமாவையும் சுற்றியே இருக்கும். அவை அவசியம்தான். ஆனால் இந்த நிகழ்வில் வரும் கர்ப்பிணியான இருளர் பெண் மாத்திரையும் சாப்பிட்டார், மாவும் வாங்கினார். அப்படியும் குழந்தை வளரவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அடுத்தவருக்கு அத்தனை நாள் ஆகக் கூடாது.

பின்னணி

ஏரிக்கரைப் புறம்போக்கில் 14 இருளர் குடும்பங்கள் இருந்தன. மழைக்காலத்தில் நண்டு, எலி பிடிப்பார்கள். சவுக்கு வெட்டு இருந்தால் அதற்குப் போவார்கள். தை பிறந்ததும் பாதிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். தமிழ்நாட்டில் இருளர்கள் மிகவும் நலிந்த பழங்குடிகளில் ஒருவராகப் பட்டியலிடப்பட்டவர்கள். புதுச்சேரியில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதே 2016ஆம் ஆண்டில்தான். பட்டியலில் பெயர் இருந்தும் இந்த 14 வீடுகளில் சாதிச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர்.

அந்தப் பெண்ணுக்கு வயது 22, உயரம் 145 செ.மீ. இரண்டு வருடத்துக்கு முன் முதல் பிரசவம் 36ஆவது வாரத்தில் ஆனது. பெண் குழந்தை, 1,680 கிராம். சூளைக்குத் திரும்ப வேண்டும் என்று ஆள் வந்து நின்றதால் மூன்றாம் நாளே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஆறாம் நாள் குழந்தை குளிர்ந்துபோய், பால் குடிக்காமல் இறந்தது. அப்போது நான் அந்த ஊருக்கு மாறுதலாகி வரவில்லை. பழைய பதிவேட்டில் "எடை குறைவு, இறப்பு" என்று மட்டும் இருந்தது.

முதல் பதிவும் என் தவறும்

நவம்பர் கடைசியில், 11ஆவது வாரத்தில், அவரைப் பதிவு செய்தேன். எடை 39 கிலோ, ஹீமோகுளோபின் 8.6. முதல் குழந்தையை இழந்தவர், குள்ளம், ரத்தசோகை. அபாயப் பட்டியலில் சிவப்பு மையால் எழுதினேன். கர்ப்பிணிகளை அரசுப் பதிவில் சேர்க்கும் பிக்மி எண் வாங்கியாயிற்று. மகப்பேறு நிதிக்கான வங்கிக் கணக்கில் ஆதார் பெயர் ஒத்துப் போகவில்லை. முதல் பிரசவத்துக்கும் அதே காரணத்தால் பணம் வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னேன், வந்தார். பெஞ்சில் உட்காராமல் வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் அருகில் வந்தபோது பெஞ்சிலிருந்த இருவர் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் வேலையைக் கவனித்தேன். எடை மெஷினில் ஏறியபோது, 20 பேருக்கு முன்னால், "முதல் புள்ளையத்தான் அப்படி விட்டுட்ட, இந்தத் தடவையாவது ஒழுங்கா சாப்பிடு" என்றேன். அக்கறையில் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்த செவ்வாய் வரவில்லை.

அன்று மாலை, அனுபவமுள்ள சக ஊழியர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்: "அவங்க ஜனத்துக்கே புள்ள சிறுசாத்தான் பிறக்கும். உடல்வாகு அப்படி. நீ ஏன் கவலைப்படுற?" நானும் அதை ஏற்றுக்கொண்டேன். பல வருடங்களாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பொங்கலுக்குப் பிறகு

ஜனவரி நடுவில், 18ஆவது வாரத்தில், வீடு பூட்டியிருந்தது. கணவரும் அவருடைய அண்ணனும் முன்பணம் வாங்கிய சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். சூளை முள்ளோடையைத் தாண்டிய பக்கம், அதாவது புதுச்சேரி எல்லைக்குள். வீட்டிலிருந்து தூரம் பார்த்தால் எட்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த எட்டு கிலோமீட்டருக்குள் என் பதிவேடு முடிந்துவிடுகிறது. அங்கே இருக்கிற ஆஷா பணியாளரின் (ஊரளவில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர்) பட்டியலில் உள்ளூர்ப் பெண்கள்தான் இருப்பார்கள். பருவத்துக்கு வந்துபோகிறவர்கள் இரண்டு பட்டியலிலும் விடுபட்டுப் போகிறார்கள்.

நான்கு வாரம் போனில் முயன்றேன். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், மாமியாரைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன்.

சூளையில் கண்டது

நாங்கள் போனபோது மதியம் இரண்டு மணி. தகரக் கொட்டகைக்குள் அவர் சுருண்டு படுத்திருந்தார். வேலை நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்கும். வெயில் ஏறும்வரை நடக்கும். ஆண்கள் மண் குழைக்க, பெண்கள் கல் அறுப்பார்கள், அடுக்குவார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. அதைக் கையில் தருவதில்லை, முன்பணத்தில் கழிப்பார்கள். வாரச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் காசு. முந்தைய பருவத்திலிருந்து வந்த பாக்கியையும் சேர்த்து அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் 45,000 ரூபாய் கணக்கு நின்றது. கணக்குப் புத்தகம் மேஸ்திரியிடம்.

22 வாரத்தில் எடை 40.2 கிலோ. இரண்டு வாரம் கழித்து மறுபடி போனபோது சரியாக 40. கர்ப்பப்பை உயரம் 21 செ.மீ.; அந்த வாரத்துக்கு 24 ஒட்டி இருக்க வேண்டும். மாத்திரை உறையை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை உள்ளே போனால் மலம் கறுக்கும்; அப்படிப் போகிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றார். நாங்கள் அனுப்பிய சத்துமாவும் தீர்ந்திருந்தது. மாமியாரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, முதல்முறையாக அவரைத் தனியாகக் கேட்டேன். எடை ஏறாததைப் பற்றிக் கேட்கவில்லை. "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்றுதான் கேட்டேன்.

வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "லைட்டு அடிச்சிக்கிட்டு வண்டி வந்தா வயிறு கல்லாயிடுது அக்கா. புள்ளயும் அப்ப அசையாது. இவரு ஒரு நாளு ஒடம்பு முடியலன்னு படுத்தாரு, இழுத்துட்டுப் போயி அடிச்சாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா யாராச்சும் ஒருத்தர பிணையா விட்டுட்டுப் போன்னுறாங்க. சோறு வாயில வைக்கிறேன், எறங்கல."

இன்னொன்றும் சொன்னார். பரிசோதனை நாளுக்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்காமலேயே: "நீங்க அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டீங்கல்ல. நான் ஒண்ணும் புள்ளய விட்டுடல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உடல்வாகு என்ற விளக்கம்

மறுநாள் எங்கள் மருத்துவ அலுவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், "அவங்க ஜனத்துக்கே" என்ற பேச்சையும் சேர்த்து. அவர் பதிலுக்கு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

அங்கே கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் வெள்ளையரின் குழந்தைகளைவிட எடை குறைவாகப் பிறப்பதற்கு மரபணுதான் காரணம் என்று பலர் நம்பிவந்தார்கள். ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இல்லினாய் மாநிலத்தின் 1980 முதல் 1995 வரையிலான பிறப்புப் பதிவுகளை எடுத்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளைத் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 3,446 கிராம். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,089 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,333 கிராம். மரபணுதான் காரணம் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்களின் குழந்தைகள்தான் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கணக்கு அப்படி வரவில்லை. வந்து குடியேறியவர்களின் மகள்கள் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து பெற்ற குழந்தைகளின் சராசரி எடை குறைந்தது என்று அவர்களே பிறகு காட்டினார்கள். ரத்தம் அதேதான். வாழ்ந்த இடமும் அங்கே நடத்தப்பட்ட விதமும்தான் மாறியிருந்தன.

அவர் சொன்ன இன்னொரு நிகழ்வு எங்கள் சூளைக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. 2008 மே மாதம், அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் ஓர் இறைச்சிக்கூடத்துக்குள் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து ஒரே நாளில் 389 பேரை, பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்களை, பிடித்தார்கள். அதற்குப் பிந்தைய மாதங்களில், அந்த மாநிலம் முழுவதும் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. வெள்ளைத் தாய்மாரிடம் அப்படிக் கூடவில்லை. பிடிபடாதவர்கள், வேறு ஊர்க்காரர்கள், அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் ஆகியோரிடமும் இது தெரிந்தது. அடுத்தது நம் வீடோ என்ற பயம் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதையும் விளக்கினார். பயத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்து குழந்தையைக் காக்கிறது. பயம் வாரக்கணக்கில் நீடித்தால் அந்தக் காவல் தளர்கிறது. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையலாம். பிரசவத்தைத் தூண்டும் ஹார்மோன்கள் முன்கூட்டியே ஏறலாம். இது போதாதென்று தூக்கமின்மை, பசியின்மை, ஆஸ்பத்திரிப் பக்கம் வரத் தயக்கம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டும் ஒன்றல்ல, அந்த எண்களை இங்கே பொருத்திப் பார்க்கவும் கூடாது. "உடல்வாகு" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் தேடமாட்டார்கள் என்பது மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது.

எடுத்த முடிவுகள்

உடனே புகார் கொடுக்க வேண்டும் என்று நான் துடித்தேன். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இலிருந்து இருக்கிறது. அதன்படி கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரவே வேண்டியதில்லை. ஆனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, நீங்க போயிடுவீங்க. அவரோட அண்ணங்குடும்பம் இங்கதான் இருக்கும்."

அவர் சம்மதமில்லாமல் புகார் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். சரியான முடிவுதானா என்று இன்றும் யோசிக்கிறேன். ஏனென்றால் அந்த யோசனையில் இரண்டு வாரம் போனது. வயிற்றுக்குள் இருந்த குழந்தைக்கு அது பெரிய காலம். மறுபுறம், அவரைக் கேட்காமல் செய்திருந்தால் அவர் வாழ்க்கையில் அவரைக் கேட்காமல் முடிவெடுத்த இன்னொரு ஆளாக நானும் ஆகியிருப்பேன்.

அந்த இரண்டு வாரத்தில் எங்களால் முடிந்ததைச் செய்தோம். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஷா பணியாளரிடம் நேரில் பேசி, வாரம் ஒரு முறை பார்க்கச் சொன்னேன். அதிகாரபூர்வமான ஏற்பாடு எதுவும் கிடையாது. எந்த உத்தரவும் இல்லாமல் அவர் வந்தார். இரும்புச்சத்தை ஊசியாக ரத்தத்தில் ஏற்ற மருத்துவ அலுவலர் சொன்னார். மாலை நேரத்தில், கூட்டமில்லாதபோது, கர்ப்பிணியை வரவழைத்துச் செய்தோம். பழங்குடியினருக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பைச் சேர்ந்த பெண் ஒருவர், முன்பு சூளையிலிருந்து விடுபட்டவர், இந்தப் பெண்ணிடம் இரண்டு முறை வந்து பேசினார். நான் பத்து முறை சொல்லியும் நம்பாததை, அதே நிலையிலிருந்து வெளியே வந்தவர் சொன்னபோது நம்பினார். புகாரில் இரண்டு குடும்பமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது கர்ப்பிணிப் பெண் வைத்த நிபந்தனை.

மார்ச் நடுவில் வருவாய்த் துறை அதிகாரிகள் சூளைக்கு வந்தார்கள். விசாரணை ஒரு பகல் முழுக்க நடந்தது. இரண்டு குடும்பத்துக்கும் விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது. 27ஆவது வாரத்தில் அவர் ஏரிக்கரை வீட்டுக்குத் திரும்பினார். எடை 40.5 கிலோ.

அந்த விசாரணையில்தான் இன்னொன்று தெரிந்தது. அண்ணன் மனைவியும் ஏழு மாதக் கர்ப்பிணி. அட்டை இல்லை, எண் இல்லை, ஒரு ஊசிகூடப் போடவில்லை. நான் அந்தக் கொட்டகைக்கு மூன்று முறை போயிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் தள்ளி நின்றுகொண்டிருந்தார், நான் கேட்கவில்லை.

27 வாரத்திலிருந்து பிரசவம் வரை

விடுதலையான மறுநாளே பயம் போய்விடவில்லை. முதல் பத்து நாள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே உள்ளே ஓடினார். 30ஆவது வாரத்தில் கர்ப்பப்பை உயரம் 27 செ.மீ. வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது, ரத்த ஓட்டம் பரவாயில்லை என்று ஸ்கேன் சொன்னது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க முடிவானது.

பரிசோதனை நாள் விஷயத்தில் சின்ன மாற்றம் செய்தோம். அந்த 14 வீட்டுப் பெண்களுக்குத் தனி நாள் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். தனி நாள் என்பது வேறொரு வகையில் வேப்பமரத்தடிதான். அதற்குப் பதிலாக எல்லாருக்கும் டோக்கன் கொடுத்து, டோக்கன் வரிசைப்படி பெஞ்சில் உட்கார வைத்தோம். எடை பார்ப்பதை அறைக்குள் மாற்றினோம். எடையைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்தினோம். செலவு என்று பார்த்தால் ஒரு கட்டு அட்டையும் ஒரு திரைச்சீலையும்தான்.

வங்கிக் கணக்கின் பெயர்த் திருத்தம் முடிந்து நிதியின் முதல் தவணை வந்தபோது 33 வாரம். அந்தப் பணத்தில் அவர் முதலில் வாங்கியது கதவுக்குத் தாழ்ப்பாள். முட்டையும் பாலும் பிறகுதான். பழைய நானாக இருந்திருந்தால் "சாப்பாட்டுக்குக் கொடுத்த காசு" என்று திட்டியிருப்பேன். தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அவர் இரவு முழுக்கத் தூங்கினார் என்று மாமியார் சொன்னார். 36 வாரத்தில் எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 10.4.

பிரசவமும் பிறகும்

ஜூன் முதல் வாரம், 38ஆவது வாரத்தில், அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். பிரசவத் துணையாக மாமியார் உள்ளே இருந்தார். பெண் குழந்தை, 2,310 கிராம். உடனே அழுதது.

2,500 கிராமுக்குக் கீழ் என்பதால் பதிவேட்டில் இதுவும் "எடை குறைவு" என்றே ஏறியது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அளவுகோல் அதுதான். குழந்தையை வெற்று மார்போடு சேர்த்து அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு முறையை முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். முதல் குழந்தை குளிர்ந்து இறந்த நினைவு அவருக்கு இருந்ததால் கீழே இறக்கவே மனமில்லை. அவர் தூங்கும் நேரம் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு மாற்றிக்கொண்டார். வார்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள், இவர் கண்டுகொள்ளவில்லை.

3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஆறாம் நாள் கணக்கில் இல்லை. ஆனாலும் அன்றைக்கும் போனேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். 42ஆம் நாள் குழந்தை 3,350 கிராம்.

அண்ணன் மனைவிக்கு ஏப்ரல் கடைசியில், 35 வாரம் இருக்கலாம் என்ற கணிப்பில், பிரசவமானது. ஆண் குழந்தை, 1,840 கிராம். பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவில் 19 நாள் இருந்து வீடு வந்தது. அதே சூளை, அதே மண், அதே ஜனம்.

இந்த நிகழ்வு எவ்வளவு தூரம் பேசும்

முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் 630 கிராம் வித்தியாசம். இத்தனையும் பயம் நீங்கியதால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பொதுவாகவே இரண்டாவது குழந்தை கொஞ்சம் எடை கூடுதலாகப் பிறக்கும். இரண்டு வாரம் கூடுதலாக வயிற்றில் இருந்தது. ஹீமோகுளோபின் ஏறியது. கல் சுமப்பது நின்றது. நள்ளிரவு வேலை நின்றது. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க ஒரு பெண்ணின் கதை போதாது.

ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நவம்பர் முதல் மார்ச் வரை, மாத்திரையும் மாவும் உள்ளே போய்க்கொண்டிருந்தபோது, 16 வாரத்தில் அவர் எடை ஒன்றரை கிலோதான் ஏறியது. வீடு திரும்பிய பிறகு ஒன்பது வாரத்தில் நாலரை கிலோ. மாத்திரையின் பெயர் மாறவில்லை, மாவின் அளவும் மாறவில்லை.

இனி மாற்றியவை, மாற்ற வேண்டியவை

முதல் பதிவிலேயே, ஆளில்லாத இடத்தில், நான் இப்போது கேட்கும் கேள்விகள்: யாருக்காவது பணம் தர வேண்டியிருக்கிறதா? வீட்டிலோ வேலையிடத்திலோ யாரைக் கண்டால் பயம்? தூக்கம் எப்படி? இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பதில் முதல் நாளே வராது, இரண்டாம் மூன்றாம் முறைதான் வரும். அதனால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். அட்டையில் இதற்கென்று கட்டம் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன்.

முந்தைய குழந்தை இறந்திருந்தால், எடை என்ன என்று கேட்பதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்கிறேன். அந்த மூன்றாம் நாள் அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்து நின்ற ஆள் யாரென்று இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் கேட்டிருந்தால், சூளைக் கணக்கு அப்போதே வெளியே வந்திருக்கும்.

காரணம் எழுதும் இடத்தில் "உடல்வாகு", "சமூக வழக்கம்" என்று எழுதுவதை எங்கள் நிலையத்தில் மருத்துவ அலுவலர் நிறுத்திவிட்டார். அப்படி எழுதினால் தாள் திரும்பி வரும்.

எல்லை விஷயம் இன்னும் தீரவில்லை. தை மாதத்துக்கு முன்னால் சூளைக்குப் போகவிருக்கும் கர்ப்பிணிகளின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, அந்தப் பக்கத்து ஆஷா பணியாளருக்கு இப்போது நானே கொடுக்கிறேன். அவர் எனக்கு அங்கிருந்து வருகிறவர்களின் பட்டியலைத் தருகிறார். இரண்டு பேருடைய போன் எண்ணில் ஓடுகிற ஏற்பாடு இது. ஒருவர் மாறுதலானால் நின்றுவிடும். கடலூர், புதுச்சேரி இரண்டு நிர்வாகமும் சேர்ந்து டிசம்பருக்குள் இதை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

அப்புறம், ஒரு கொட்டகைக்குள் ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போனால், அங்கே தள்ளி நிற்கிற மற்ற பெண்கள் ஒவ்வொருவரிடமும் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்காமல் நான் இப்போது வெளியே வருவதில்லை.